பழையது ஏன் செத்தது? மலையுச்சி டவரில் மொடியூல் மாற்றிய பதிவு

வேலைச்சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. ரெக்டிபயர், அதாவது 230 வோல்ட் மின்சாரத்தை நிலையத்துக்கு வேண்டிய 48 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றும் மொடியூல், ஒன்று செயலிழந்துவிட்டது. பி.பி.யூ. என்று நாங்கள் சொல்லும் பேஸ்பேண்ட் அலகின், அதாவது சிக்னல்களைக் கையாளும் மூளைப் பெட்டியின், விசிறி பழுது. இரண்டாம் செக்டரின், அதாவது டவர் அலை வீசும் திசைகளில் ஒன்றின், பைபர் (ஒளியிழை) இணைப்பு விடியற்காலைகளில் அறுந்து அறுந்து வருகிறது, ஆகவே பி.பி.யூ.வுக்குள் இருக்கும் பேஸ்பேண்ட் கார்டை மாற்றவும். மூன்றுக்கும் மாற்று மொடியூல்கள் களஞ்சியத்திலிருந்து ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தன. இடம், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் நிற்கும் கைபேசி டவர்.

கழற்று, செருகு, கிளம்பு என்பது அந்தச் சீட்டின் தொனி. கழற்றிச் செருக உண்மையில் சில நிமிடங்களே ஆகும். நிலையத்தை அணைக்காமலே மாற்றும்படிதான் இப்போது பெரும்பாலான மொடியூல்களைச் செய்கிறார்கள். அந்த வசதி நம்மிடம் ஒரு சோம்பலையும் வளர்த்துவிட்டது. மொடியூல் தானாகச் சாவது குறைவு என்பது என் எண்ணம். ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அதைத் தேடாமல் புதியதைச் செருகிவிட்டு வந்தால், அடுத்த மழைக்குள் அதே மலைக்கு மறுபடி ஏற வேண்டியதுதான். ஆகவே இந்தப் பதிவில் மாற்றிய கதையைவிட மாற்றும் முன் பார்த்த கதை நீளமாக இருக்கும்.

முதலில் நேரம். ஏப்ரல், இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். மலைநாட்டில் இந்த நாட்களில் காலை வெளுத்துக் கிடக்கும், பகல் திரும்பியதும் மேகம் திரண்டு இடி இறங்கும். பாவனையாளர்கள் குறைவு என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு வேலையை வைத்துக்கொள்ளுமாறு கட்டுப்பாட்டு மையம் சொன்னது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டப் பாதையில் இருட்டில் வண்டி ஏற்றுவது ஒரு காரணம். குளிர் இன்னொரு காரணம். இரவெல்லாம் வண்டிக்குள் குளிர்ந்து கிடந்த கார்டை, உபகரணச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும் அறைக்குள் கொண்டுபோய் உடனே உறையைப் பிரித்தால் அதன் மேல் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பது வீண் விஷப்பரீட்சை. விடிந்ததும் ஏறுவது, மொடியூல்களை உறையோடு அறைக்குள் வைத்து ஒரு மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரவிடுவது, பகல் ஒரு மணிக்குள் கருவிகளை மூட்டை கட்டுவது என்று முடிவாயிற்று. இடையில் இடிச்சத்தம் கேட்டால் வேலை நிற்கும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை டவரையும் எர்த் கம்பியையும் யாரும் தொடுவதில்லை.

கைபேசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் இதை யோசிப்பதேயில்லை. நாம் எந்த டவரில் கைவைக்கிறோமோ, அந்த டவரில்தான் நம் கைபேசியும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது அணைந்தால் கட்டுப்பாட்டு மையத்தோடு பேச வழியில்லை, அடிபட்டால் அம்புலன்சை அழைக்கவும் வழியில்லை. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று பையில் இருக்க வேண்டும், அது அந்த மலையில் வேலை செய்கிறதா என்று ஏறியவுடனே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். 1990 என்ற இலக்கத்துக்கு அவர்கள் எடுக்கும் அம்புலன்ஸ் அழைப்பும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை பற்றிய பேச்சும் இந்த ஒரு கம்பத்தின் வழியாகத்தான் போய்வருகின்றன. டவரை முழுதாக அணைக்காமல் வேலையை முடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவே காரணம்.

கூட வந்த தம்பி மஸ்கெலியாக்காரன். சுறுசுறுப்பானவன், கை முந்தும். அறைக்குள் போனதும் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்க்கும்படி அவனிடம் சொன்னேன். ரெக்டிபயர் தட்டில் மூன்று மொடியூல்கள், மூன்றாவதில் சிவப்பு விளக்கு. அதன் எதிர்ச்சுவரில் மின்விநியோகப் பெட்டி. அதைத் திறந்ததும் விடை பாதி கிடைத்துவிட்டது. இடிமின்னல் அலையைத் தாங்கும் நான்கு சிறு பெட்டகங்கள் வரிசையாக இருந்தன, மூன்று பேஸுக்கு மூன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நல்ல நிலையில் இருந்தால் அவற்றின் சிறு சாளரம் பச்சையாகத் தெரியும். இங்கே மூன்று சிவந்திருந்தன.

காவலாளி ஐயா வாசலில் நின்றபடி சொன்னார்: “பெரிய இடி விழுந்த அன்றைக்கு இந்தப் பெட்டிக்குள்ளே பட்டென்று ஒரு சத்தம் கேட்டது சேர். அப்போதே சொல்லி அனுப்பினேன், யாரும் வரவில்லை.”

இந்தப் பெட்டகங்கள் ஒவ்வொரு மின்னல் அலையையும் எர்த்துக்குத் திருப்பிவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. தேய்ந்து சூடேறினால் உள்ளேயுள்ள இணைப்பு கழன்று சாளரம் சிவப்பாகிறது. அதற்குப் பிறகு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அடுத்து வந்த அலை நேராக ரெக்டிபயரின் வாசலுக்குப் போயிருக்கிறது. சீட்டின்படி ரெக்டிபயரை மட்டும் மாற்றியிருந்தால், அன்று பிற்பகல் இடியிலேயே புதியதும் போயிருக்கக்கூடும். நல்லவேளையாக வண்டியில் மாற்றுப் பெட்டகங்கள் எப்போதும் கிடக்கும்.

இவற்றை மாற்ற 230 வோல்ட் பக்கத்தை நிறுத்தியாக வேண்டும். மின்சாரம் ஓடும்போதே பிடுங்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் வகைகளும் உண்டு, நான் செய்வதில்லை. மலையில் இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி பிரதான பிரேக்கரை இறக்கக் கையை நீட்டினான்.

“ஜெனரேட்டர்?” என்றேன்.

“ஐயோ, ஆமாம் அண்ணே” என்று கையை இழுத்துக்கொண்டான்.

மின்சார சபையின் மின்சாரம் நின்றதும் தானாகக் கிளம்பி, தானாகவே சுமையை ஏற்றுக்கொள்ளும்படி அமைத்த ஜெனரேட்டர் அது. நாம் பிரேக்கரை இறக்கினால் அதன் கணக்கில் அது மின்வெட்டு. கம்பி செத்துவிட்டது என்று நாம் திருப்புளியோடு உள்ளே கைவிடும் நேரத்தில், வெளியே அது உறுமிக்கொண்டு எழுந்து அதே கம்பிகளுக்கு உயிர் கொடுத்துவிடும். எனவே முதலில் ஜெனரேட்டர் ஆளியை நிறுத்தம் என்ற நிலைக்குத் திருப்பினோம், அதன் சொந்த பிரேக்கரையும் இறக்கிச் சாவியை எடுத்துக்கொண்டோம். பிறகுதான் பிரதான பிரேக்கர். அதற்கு ஒரு பூட்டு, பூட்டில் என் பெயர் எழுதிய அட்டை, சாவி என் சட்டைப்பையில்.

பூட்டிவிட்டால் போதாது, செத்துவிட்டதா என்று அளக்க வேண்டும். அளக்கும் கருவி உயிரோடு இருக்கிறதா என்பதை அதற்கு முன் அளக்க வேண்டும். பிரேக்கருக்குள் நுழையும் பக்கத்தில் மின்சாரம் இன்னும் இருக்கிறது, அங்கே மீட்டர் 228 வோல்ட் காட்டியது. பெட்டகங்களின் முனைகளில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில், ஒன்று விடாமல் பார்த்தோம். எல்லாம் பூச்சியம். மறுபடி நுழைவுப் பக்கத்தில் 228. இந்த மூன்றாவது அளவீட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் உருகியோ கம்பியோ போயிருந்தால் அந்தப் பூச்சியம் பொய்ப் பூச்சியம். நுழைவுப் பக்கத்தைக் காப்புத் தகட்டால் மூடிய பிறகே திருப்புளியை எடுத்தோம்.

இந்த நேரமெல்லாம் நிலையம் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. 38 அம்பியர் சுமை, 200 அம்பியர்-மணிப் பற்றரித் தொகுதி. கணக்குப்படி ஐந்து மணி நேரம் வர வேண்டும், நான் அதில் பாதியைக்கூட நம்புவதில்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் அடிவரை வடிந்து வடிந்து நிரம்பிய பற்றரிகள் இன்னும் பல இடங்களில் நொண்டிக்கொண்டிருக்கின்றன. பிரேக்கரை இறக்கியதும் 54.6 வோல்ட்டிலிருந்து 50க்குச் சற்றுக் கீழே இறங்கியது. அது இயல்புதான். அதன் பிறகு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே விஷயம். 47க்கு வந்தால் எந்த நிலையிலும் வேலையை நிறுத்தி மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பது என்று எல்லை வைத்துக்கொண்டோம். அந்த எல்லை வரவில்லை.

பெட்டகங்களைப் பிடுங்கியாயிற்று. ஆனால் அவை ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன? மின்னல் போக வழி நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே வெளியே போனோம். எர்த் குழியின் மூடியைத் தூக்கினால் உள்ளே அட்டைப்பூச்சிகளும், செம்புக் கவ்வியில் பச்சைக் களிம்பும். கவ்வியின் நட்டை விரலால் திருகினேன், திரும்பியது. எர்த் மீட்டர் 31 ஓம் காட்டியது. 10 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். பாறை நிலத்தில் அதை எட்டுவது கடினம் என்றாலும், இங்கே பாறையின் மீது பழி போட முடியாது.

கவ்வியைக் கழற்றும் முன் அதன் இருபுறத்தையும் ஒரு தடித்த கம்பியால் தற்காலிகமாக இணைத்துவிட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் எர்த்தை ஒரு நொடிகூட அறுக்கக் கூடாது. அறுந்த இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்திருப்பவர் வழியாகவே கசிவு மின்சாரம் போகும். உப்புத்தாளால் செம்பு சிவந்து தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, அரிப்புத் தடுக்கும் பசை பூசினோம். மீட்டர் 8 ஓமுக்கு வந்தது. நான்கு பெட்டகங்களையும் புதிதாகப் போட்டோம். பச்சையாக இருந்த ஒன்றும் அதே இடிகளைச் சாப்பிட்டதுதான், அதை மட்டும் விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

மின்சாரம் திரும்பியது. இப்போது ரெக்டிபயர்.

இங்கே எதிரி வேறு. 48 வோல்ட்தானே என்ற அலட்சியம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. உலர்ந்த கையில் அது பெரும்பாலும் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் பின்னால் பற்றரித் தொகுதி நிற்கிறது, குறுக்கே ஒரு உலோகம் விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். ஸ்பானர் உருகும், மோதிரம் விரலோடு சேர்ந்து சிவக்கும். தம்பி ஐம்பொன் காப்பு போட்டிருந்தான், சாமிக்கு நேர்ந்தது, கழற்ற மனமில்லை. கழற்றிப் பைக்குள் வைத்த பிறகே தட்டின் பக்கம் விட்டேன். கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம், சட்டைப்பையிலிருந்த பேனா எல்லாம் மேசைக்குப் போயின. ஸ்பானர்களுக்கு முனை மட்டும் தெரியும்படி காப்பு நாடா சுற்றியிருக்கிறது.

கழற்றும் முன் ஒரு கூட்டல் கணக்கு. மிஞ்சியிருக்கும் இரண்டு மொடியூல்களும் தலா 50 அம்பியர், ஆக 100. சுமை 38, பற்றரி திரும்ப நிரம்ப ஏறத்தாழ 20. போதும். இந்தக் கணக்கு உதைத்தால் மொடியூலைத் தொடக்கூடாது. கொண்டுவந்த மொடியூலின் மாதிரி எண் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பார்த்தோம். வெளியுருவம் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் வருவது உண்டு.

பழையதை இழுக்கும்போது கையுறை போட வேண்டும். செத்ததன் உடம்பு ஆறியிருந்தாலும் பக்கத்தில் இருப்பவை சுடும். வெளியே எடுத்ததும் அதை வைத்துவிட்டு, காலியான குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்னால் இருக்கும் இணைப்பியில் கருகல் இருக்கிறதா, உருகிய பிளாஸ்டிக் வாசனை வருகிறதா என்று. சுத்தமாக இருந்தது. கருகியிருந்தால் புதியதை அங்கே செருகியிருக்க மாட்டேன். புதியதைத் தண்டவாளத்தில் நேராக வைத்து, தாழ்ப்பாள் விழும்வரை ஒரே சீராகத் தள்ள வேண்டும். இடித்துச் செருகக்கூடாது, பாதியில் வைத்துக்கொண்டு யோசிக்கவும் கூடாது. விளக்கு சில நொடிகள் மினுங்கியது, பிறகு நிலைத்த பச்சை. மூன்று மொடியூல்களும் 19, 20, 19 அம்பியர் என்று சுமையைப் பங்கிட்டுக்கொண்டன. பச்சை விளக்கு எரிவதை மட்டும் பார்த்து யாரும் திருப்திப்பட வேண்டாம். பங்கு சமமாக இல்லையென்றால் ஏதோ ஒன்று சும்மா இருந்து வேடிக்கை பார்க்கிறது.

விசிறி சிறிய வேலை. பாதி இழுத்து, இறக்கைகள் நிற்கும்வரை காத்திருந்து, மீதியை இழுக்க வேண்டும், சுழலும் இறக்கை விரலைப் பதம் பார்க்கும். புதியது கையில் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் விசிறியில்லாமல் பி.பி.யூ. சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆனால் இதைக் கொன்றது எது என்று பார்க்க வடிகட்டியை உருவினேன். ஈசல் இறகுகள். கம்பளம் விரித்ததுபோல் பழுப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, விரலால் உரித்தால் தாளாகக் கழன்று வந்தன. காற்று போக வழியே இல்லை. முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் ஈசல் வெளிச்சத்துக்குத்தான் வரும். அறை விளக்கு இரவெல்லாம் எரிகிறது, கதவின் அடி ரப்பர் கிழிந்து ஒரு விரல் இடைவெளி. காவலாளி ஐயாவிடம் கேட்டேன், விளக்கை அணைக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. வடிகட்டியை மாற்றி, விளக்கை அணைத்து வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாவதற்கு வருவோம். பேஸ்பேண்ட் கார்டு விலை கூடியது, நுணுக்கமானது. அதைத் தொடுவதானால் மணிக்கட்டுப் பட்டியை எர்த்தில் மாட்ட வேண்டும், மலைநாட்டில் ஸ்வெட்டரையும் கழற்ற வேண்டும். செயற்கை இழை ஸ்வெட்டர் உடம்பில் உரசிச் சேர்க்கும் நிலைமின்சாரம் நம் தோலுக்கே தெரியாது. நாம் உணர்வதற்கு மூவாயிரம் வோல்ட் அளவாவது வேண்டும், நுண்சில்லுகளில் சிலவற்றைக் கெடுக்க நூறு வோல்ட்டும் போதும். குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருவரும் சட்டையோடு நின்றோம். அப்படி நின்றும் கார்டின் உறையை நான் பிரிக்கவில்லை.

விடியற்காலையில் மட்டும் அறுகிற இணைப்பு. கார்டு பழுதென்றால் பகலிலும் அறுந்திருக்கலாமே? மடிக்கணினியை மாட்டி, பைபர் வழியாக வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்த்தோம். முதலாம் செக்டர் −5.1 டிபிஎம், மூன்றாவது −5.6. இரண்டாவது −13.4. டிபிஎம் என்பது ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு, கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. பைபர் முனையில் ஒளியை வாங்கும் இந்த வகை எஸ்.எஃப்.பி. மொடியூல்கள் ஏறத்தாழ −14 வரை தாங்கும். அதாவது பகலிலேயே அது விளிம்பில் நிற்கிறது. கட்டுப்பாட்டு மையத்திடம் விடியற்காலை அளவைத் தேடிச் சொல்லச் சொன்னேன். நாலரை மணிக்கு −14.9. ஒளி வரும் வழியில் எங்கோ குரல்வளையை நெரிக்கிறார்கள், குளிரில் பிடி இறுகுகிறது.

பைபரை விரலால் தடவிக்கொண்டே கேபிள் நுழையும் துவாரம்வரை போனேன். பைபரில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். துவாரத்தருகே, பின்னாளில் இழுத்த ஒரு தடித்த மின்கேபிளோடு பைபரையும் சேர்த்துக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டால் இறுக்கியிருந்தார்கள். உலோக விளிம்பில் அழுந்தி, பைபர் கிட்டத்தட்டச் செங்குத்தாக மடிந்திருந்தது. குளிரில் மேலுறை சுருங்கும்போது அந்த மடிப்பில் ஒளி இன்னும் கசியும்.

இரண்டாம் செக்டரை நிறுத்திவைக்கும்படி மையத்துக்குச் சொல்லிவிட்டு, தம்பியைத் திரையிலிருந்து எண்களை வாசிக்கச் சொன்னேன். சைட் கட்டரின் முனையைக் கட்டுக்கும் மின்கேபிளுக்கும் நடுவில் நுழைத்து, பைபரைத் தொடாமல் வெட்டினேன்.

“பதின்மூன்று தசம் நான்கு... அதேதான்... ஒன்பது... ஏழு தசம் இரண்டு!” என்று அவன் குரல் ஏறியது.

மடிப்பை நிமிர்த்தி, கேபிள் விட்டத்தின் பத்து மடங்குக்குக் குறையாத ஆரத்தில் ஒரு வளையம் விட்டு, துணி ஒட்டுப்பட்டியால் தளர்வாகக் கட்டினோம். கனெக்டர் முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு எண்ணெய்த் தடம். துப்புரவுக் கருவியால் துடைத்து மறுபடி பார்த்து, சுத்தமான பிறகு செருகினோம். −5.4.

“கார்டு வந்துவிட்டதே, எதற்கும் மாற்றிவிட்டே வாருங்கள்” என்றார் மையத்தில் இருந்தவர். எதற்கும் என்பது என் அகராதியில் காரணம் ஆகாது. ஒவ்வொரு கழற்றலிலும் செருகலிலும் கார்டு போய்ச் சேரும் பின்பலகையின் ஊசிகளில் ஒன்று வளைய வாய்ப்புண்டு, வளைந்தால் கார்டோடு போகாது, முழு அலகையும் மாற்ற வேண்டிவரும். பழுதாகாத கார்டைப் பழுதென்று அனுப்பினால், பரிசோதனைக்கூடத்தில் யாரோ ஒருவர் இல்லாத குறையைத் தேடி நாட்களை வீணாக்குவார். கார்டு பிரிக்காத உறையோடு களஞ்சியத்துக்குத் திரும்பியது. மறுநாள் விடியற்காலை அளவையும் கேட்டு வாங்கினேன், −5.5.

செத்த ரெக்டிபயரின் சீட்டில் “பழுது” என்று மட்டும் எழுதாமல், இடி, சிவந்த பெட்டகங்கள், எர்த் 31 ஓம் என்று எழுதிக் கட்டினோம். பன்னிரண்டரைக்கு மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கிளம்பும் முன் பூட்டையும் அட்டையையும் எடுத்தாயிற்றா என்று பார்த்தோம். ஜெனரேட்டரின் பிரேக்கரை ஏற்றி, ஆளியைத் தானியங்கு நிலைக்குத் திருப்பினேன். தம்பி தனியாகப் போய் அதை இன்னொரு தடவை பார்த்தான். நிறுத்த நிலையிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கினால், அடுத்த மின்வெட்டில் பற்றரி வடிந்து டவர் அணையும். பிறகு பிரதான பிரேக்கரை ஒரு நிமிடம் இறக்கிப் பார்த்தோம். ஜெனரேட்டர் எழுந்து சுமையை எடுத்தது, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்ததும் விட்டது. கதவு ரப்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை அடி இடைவெளியில் சாக்கைச் சுருட்டி வைக்க ஐயா சம்மதித்திருக்கிறார்.